நிலாவில் காலுக்கு ஒரு தாளம், கைக்கு ஒரு தாளம்

1972 ஏப்ரல் 21. நிலாவின் டெகார்ட் மேட்டுநிலத்தில், நட்டு வைத்த கொடிக்குப் பக்கத்தில் நின்ற ஜான் யங், ஒரு குதி குதித்து அந்தரத்திலேயே சல்யூட் வைத்தார். உடன் வந்த சார்லஸ் டியூக் அதைப் படம் எடுத்தார். நிலா ஊர்தியில் பொருத்தியிருந்த தொலைக்காட்சிக் கேமராவும் அதைப் பதிவுசெய்துகொண்டது. அப்போலோ 16 பயணத்தின் அந்தச் சில விநாடிக் காட்சியை நான் கைப்பேசியில் எத்தனை முறை ஓட்டிப் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. யங் தரையை விட்டு எழும்பி மறுபடி தரையைத் தொட சுமார் 1.45 விநாடி ஆகிறது. அவர் எழும்பிய உயரம் 42 சென்டிமீட்டர்தான். அதே உயரம் பூமியில் குதித்தால் 0.6 விநாடிக்குள் கீழே வந்துவிடுவோம்.

உயரத்தை விட்டுவிட்டுக் கையை மட்டும் பாருங்கள். உடல் மிதப்பதுபோல் மெல்ல ஏறி மெல்ல இறங்குகிறது. கையோ நம் ஊர் வேகத்தில் நெற்றிக்குப் போகிறது. உடலை இறக்குவது நிலாவின் ஈர்ப்பு, கையைத் தூக்குவது தசை. தசைக்குத் தான் எந்தக் கோளில் இருக்கிறோம் என்று தெரியாது. ஒரே உடலுக்குள் இரண்டு காலப்பிரமாணம் ஓடுகிறது.

நிலாவையும் விண்வெளிப் பயணத்தையும் பற்றிய நவீன நடன நிகழ்ச்சிகளைப் பார்க்கும்போது நான் முதலில் தேடுவது இதைத்தான். பல மேடைகளில் நிலா என்றாலே எல்லாவற்றையும் மெதுவாக்கிவிடுகிறார்கள். கால் மெதுவாக, கை மெதுவாக, கழுத்துத் திரும்புவதும் மெதுவாக. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அது நிலா இல்லை, தண்ணீருக்குள் நடப்பது.

கணக்கு எளிது. நிலாப் பரப்பில் ஈர்ப்பு முடுக்கம் விநாடிக்கு விநாடி 1.62 மீட்டர், பூமியில் 9.8. ஆறில் ஒரு பங்கு. ஒரே உயரத்திலிருந்து விழுவதற்கு ஆகும் நேரம் ஆறு மடங்காகாது, ஆறின் வர்க்கமூலமான 2.45 மடங்காகும். பூமியில் எடுத்த படத்தை 2.45 மடங்கு மெதுவாக ஓட்டினால் விழுவது எல்லாம் நிலாவில் விழுவதுபோலவே தெரியும். கூடவே கண் இமைப்பதும் கையசைப்பதும் மெதுவாகிவிடும், குட்டு அங்கேதான் வெளிப்படும். நிலாவை மேடைக்குக் கொண்டுவர நினைக்கும் நடனக் கலைஞர் விழுவதை மட்டும் நீட்ட வேண்டும், மற்றதை நீட்டக்கூடாது. பூமியில் நின்றுகொண்டு அதை எப்படிச் செய்வது?

அதற்கு முன், நிலாவில் நடப்பதே ஏன் நடனம் மாதிரி இருக்கிறது என்று பார்த்துவிடலாம். நாம் நடக்கும்போது தரையில் ஊன்றிய கால் தலைகீழ் ஊசலாக வேலை செய்கிறது. அந்தக் கால்மேல் இடுப்பு ஒரு வில்போல ஏறி இறங்குகிறது. அந்த வளைவில் உடல் தரையோடு ஒட்டியிருக்க ஈர்ப்பு இழுத்துப் பிடிக்க வேண்டும். வேகம் கூடக் கூட அதிக இழுப்பு தேவை, ஒரு கட்டத்துக்கு மேல் ஈர்ப்பால் முடியாது. பூமியில் அந்தக் கட்டம் விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வருகிறது, நம்மை அறியாமலே ஓட்டத்துக்கு மாறிவிடுகிறோம். இதே கணக்குப்படி நிலாவில் அது சுமார் 0.8 மீட்டரிலேயே வந்துவிடும், அதாவது மணிக்கு 3 கிலோமீட்டர். வீசும் கைகளும் கால்களும் கொஞ்சம் உதவுவதால் உண்மையில் சற்றுக் கூடுதல் வேகம்வரை நடக்கலாம் என்று பின்னால் வந்த சோதனைகள் காட்டின. ஆனாலும் அவசரமாக ஓரிடத்துக்குப் போக வேண்டுமென்றால் நடை கைகொடுக்காது, துள்ளித்தான் ஆகவேண்டும். இத்தாலிய உடலியங்கியல் அறிஞர்கள் ரொடோல்ஃபோ மார்காரியாவும் ஜொவானி கவாஞ்ஞாவும் 1964-லேயே, யாரும் நிலாவில் கால் வைப்பதற்கு ஐந்து வருடம் முன்பே, இதைக் கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார்கள். 1969 ஜூலையில் அப்போலோ 11 வீரர் பஸ் ஆல்ட்ரின் நிலாவில் கேமரா முன்னால் கங்காருபோல இரு கால் சேர்த்துத் துள்ளியும், கால் மாற்றித் தாவியும் காட்டியது அந்தக் கணக்கின் செய்முறை விளக்கம்தான்.

இன்னொன்றும் ஆல்ட்ரின் அங்கே உணர்ந்தார்: நிற்பதும் திரும்புவதும் கடினம். எடை ஆறில் ஒரு பங்கானாலும் நிறை குறைவதில்லை. நம்மை நிறுத்துவது பாதத்துக்கும் தரைக்கும் இடையிலான உராய்வு, அது எடையைப் பொறுத்தது. விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வரும் ஒருவர் பூமியில் 40 சென்டிமீட்டருக்குள் சறுக்கி நின்றுவிடும் தரையில், நிலாவில் நிற்க சுமார் 2.5 மீட்டர் வேண்டும். திரும்பும் வளைவும் அதே ஆறு மடங்கு விரியும். ஆகவே நிலா என்றால் இலேசு என்பது பாதி உண்மைதான். மேலே போவது இலேசு, பக்கவாட்டில் உடல் அதே பழைய கனம். மேடையில் நான் பார்க்க ஏங்குவது இந்தக் கனத்தை. துள்ளி வந்த ஒருவர் நிற்கப் பார்த்தும் நிற்க முடியாமல் இன்னும் மூன்று எட்டு இழுத்துக்கொண்டு போகும் அந்தத் தடுமாற்றம் இல்லாமல் நிலா முழுமையாகாது.

இப்போது பூமியில் நிலாவைச் செய்யும் வழிக்கு வருவோம். வர்ஜீனியாவில் ஹாம்ப்டன் நகரில் நாசாவின் லாங்லி ஆய்வு மையம் இருக்கிறது. 1960-களில் அங்கே ஒரு விசித்திரமான நடைபாதை கட்டினார்கள். அதைத் தரை என்பதைவிடச் சுவர் என்பதே பொருத்தம்: செங்குத்திலிருந்து 9.5 பாகை மட்டுமே சாய்ந்த நீண்ட பலகை. பயிற்சிக்கு வந்தவரைப் பக்கவாட்டில் படுக்கவைத்த மாதிரி தலை, மார்பு, இடுப்பு, கால் எனத் தனித்தனிப் பட்டைகளில் கட்டி, நீண்ட கம்பிகளால் மேலே ஓடும் தள்ளுவண்டியில் தொங்கவிட்டார்கள். உள்ளங்கால்கள் அந்தச் சுவரில் படும். 9.5 பாகையின் சைன் மதிப்பு 0.165, கிட்டத்தட்ட ஆறில் ஒன்று. எடையில் பெரும்பகுதியைக் கம்பி தாங்கிக்கொள்ள, ஆறில் ஒரு பங்கு மட்டும் அவரைச் சுவரை நோக்கி அழுத்தியது. அந்தப் பாதையில் அப்போலோ விண்வெளி வீரர்கள் ஓடினார்கள், தாண்டினார்கள், குட்டிக்கரணமும் போட்டார்கள். படம்பிடித்த கேமராவைப் பக்கவாட்டில் திருப்பி வைத்துப் பார்த்தால் நிலாவில் ஒரு மனிதர் துள்ளுகிறார்.

1970 ஏப்ரல் 18 அன்று நியூயார்க்கில் 80 ஊஸ்டர் தெருவில் ஒரு மனிதர் மாடியிலிருந்து சுவர் வழியாகக் கீழே நடந்து வந்தார். முகம் தரையைப் பார்த்தபடி, உடல் சுவருக்குச் செங்குத்தாக, கயிற்றின் பிடியில். நடன அமைப்பாளர் த்ரிஷா பிரவுனின் படைப்பு அது. அடுத்த ஆண்டு விட்னி அருங்காட்சியகத்தின் உள்சுவர்களில் அவருடைய நடனக் கலைஞர்கள் ஹார்னஸ் என்ற தாங்குபட்டையை இடுப்பில் மாட்டிக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்தார்கள். பார்த்தவர்களுக்கு, மாடியில் நின்று கீழே தெருவில் போகிறவர்களைப் பார்ப்பதுபோல் இருந்ததாம். த்ரிஷா பிரவுன் நிலாவை மனதில் வைத்துச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. பொறியாளர்கள் போய்ச் சேர்ந்த அதே சுவருக்கு ஒரு நடனக் கலைஞரும் தன் வழியில் வந்து சேர்ந்தார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். இன்று உலகின் பல ஊர்களில் நடக்கும் சுவர் நடனத்துக்கு அதுவே ஒரு முக்கியமான தொடக்கம்.

சுவர் நடனத்தின் இயற்பியலைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். கட்டடத்தின் மேல்விளிம்பில் கயிறு கட்டப்பட்டிருக்கிறது. மறுமுனை நடனக் கலைஞரின் இடுப்பில், உடலின் ஈர்ப்பு மையத்துக்குப் பக்கத்தில். ஹார்னஸின் பட்டை இடுப்பெலும்பின் மேல் ஏறி அழுத்துகிறது, வயிற்றுத் தசை இறுகி உடலைப் பலகைபோல் நேராக வைத்திருக்கிறது, வெறும் பாதம் சுண்ணாம்புச் சுவரில் படுகிறது. இடுப்பு சுவரிலிருந்து ஏறக்குறைய 1 மீட்டர் தள்ளி இருப்பதால் கயிறு சற்றுச் சாய்கிறது. அந்தச் சாய்வுதான் அவரைச் சுவரை நோக்கி இழுக்கும் ‘ஈர்ப்பு’. அதன் அளவு: 1 மீட்டரைக் கயிற்றின் நீளத்தால் வகுத்தால் வருவது. கயிறு 6 மீட்டர் என்றால் ஆறில் ஒரு பங்கு, அதாவது நிலா! கயிறு 2.6 மீட்டர் என்றால் செவ்வாய். 30 மீட்டர் விட்டால் பூமியின் முப்பதில் ஒரு பங்கு, ஒரு சிறுகோளின்மேல் உலாவுவதுபோல. கயிற்றை நீட்டிக் குறுக்கி ஒரே மாலையில் பல உலகங்களுக்குப் போய்வரலாம். பேனாவும் காகிதமும் வைத்துக்கொண்டு இதை முதன்முதலில் போட்டுப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை இங்கே எழுதி முடியாது.

ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. நிலாவில் எவ்வளவு குதித்தாலும் இழுப்பு மாறாது. கயிற்றில், சுவரிலிருந்து விலக விலகச் சாய்வு கூடி இழுப்பும் கூடும். 6 மீட்டர் கயிற்றில் விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் சுவரை உந்தித் தள்ளியவர் ஒரு விநாடி சொச்சத்தில் திரும்பி வந்துவிடுவார். உண்மையான நிலாவில் அதற்கு 1.23 விநாடி. லாங்லியில் கம்பிகளை மிக நீளமாக விட்டு, சாய்வைப் பலகைக்குக் கொடுத்தது இந்தப் பிழையைச் சுருக்கத்தான்.

கயிறே இல்லாத வழியும் இருக்கிறது. பிரெஞ்சு நடன அமைப்பாளர் கிட்சு துய்புவா 1990-களில் தொடங்கி, பிரான்சின் விண்வெளி மையத்தின் உதவியோடு பரவளைய விமானங்களில் நடனத்தை ஆராய்ந்தவர். இவ்விதப் பறப்புகள் இப்போது போர்தோ நகரிலிருந்து ஏர்பஸ் ஏ310 விமானத்தில் நடக்கின்றன. விமானம் சரிவாக மேலே ஏறத் தொடங்கும்போது உள்ளே இருப்பவர்களின் எடை 1.8 மடங்காகிறது, பிறகு எறிந்த கல்லின் பாதையில் பறக்கும் 22 விநாடிக்கு எடையே இல்லை, மறுபடி 1.8 மடங்கு. ஒரு பயணத்தில் இப்படி 31 முறை. பாதையைக் கொஞ்சம் தட்டையாக்கினால் எடையின்மைக்குப் பதிலாக நிலாவின் ஈர்ப்பே கிடைக்கும். 22 விநாடியில் ஒரு நடனத்தின் பல்லவியைக்கூட முடிக்க முடியாது. ஆனால் தரை என்ற ஆதாரம் போனதும் உடல் எதை வைத்துத் தன் திசையை அறிகிறது என்ற கேள்விக்கு அதைவிட நேரான சோதனை கிடையாது.

அந்தக் கேள்வி நிலாவுக்கும் பொருந்தும். உள்காதில் இருக்கும் நுண்ணிய சுண்ணக் கற்கள்தான் ‘கீழே’ எது என்று மூளைக்குச் சொல்கின்றன. 2014-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, கண்ணை நம்பாமல் ஈர்ப்பை வைத்தே மேல்-கீழை உணர பூமியின் ஈர்ப்பில் சுமார் 0.15 பங்காவது வேண்டும். நிலாவில் இருப்பது 0.165. மயிரிழையில் தப்பிக்கிறோம். யங் குதித்த அதே பயணத்தின் கடைசி நடையில் டியூக்கும் உயரமாகக் குதிக்கப் பார்த்து, முதுகுப்பையின் கனம் பின்னுக்கு இழுக்க, மல்லாந்து விழுந்தார். அவருடைய சுவாசக் கருவி முழுக்க அந்தப் பையில்தான் இருந்தது. மெதுவாக விழுந்ததால் அடி படவில்லை என்று நினைக்கலாம். குதித்த வேகம் எதுவோ அதே வேகத்தில்தான் தரை வந்து மோதும், நிலாவிலும்கூட.

சரி, நம் பரதநாட்டியத்தின் அடிப்படை அசைவுகளான அடவுகள் நிலாவில் எடுபடுமா? காற்று நிரப்பிய ஒரு கூடாரம், விண்வெளி உடுப்பு இல்லை, நல்ல மரத்தரை என்று வைத்துக்கொள்வோம். பூமியில் அரை மீட்டர் குதிக்கும் கலைஞர் அங்கே குறைந்தது 3 மீட்டர் எழும்பி, நாலு விநாடி அந்தரத்தில் இருப்பார். குதித்தெழும் அடவுகளுக்கெல்லாம் கொண்டாட்டம்தான். சிக்கல் மிகவும் எளிய தட்டடவில் வரும். முழங்காலை வெளிப்பக்கம் மடக்கிய அரைமண்டியில் நின்று ஒரு காலைத் தூக்கித் தட்டும்போது, கால் கீழே போவதற்குச் சமமாக மீதி உடல் மேலே தள்ளப்படுகிறது. பூமியில் நம் எடை அதை அமுக்கிவிடுவதால் தெரிவதில்லை. 60 கிலோ உள்ளவருக்கு முழங்காலுக்குக் கீழே கால் சுமார் 3.6 கிலோ இருக்கும். 20 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து 0.2 விநாடியில் தட்டினால் உடலை மேலே தள்ளும் விசை 36 நியூட்டன். பூமியில் அவருடைய எடை 588 நியூட்டன், ஆறு சதவீதம்தான் குறையும். நிலாவில் எடையே 97 நியூட்டன், மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் போய்விடும். இருந்தாலும் முதல் காலம் என்ற மெதுவான வேகத்தில் சமாளித்துவிடலாம்.

இரண்டாம் காலத்துக்குப் போனால் தட்டும் நேரம் பாதியாகிறது, விசை நான்கு மடங்காகி 144 நியூட்டனைத் தொடுகிறது. 97-ஐ விட அது அதிகம். தட்டும் கால் தரையைத் தொடுவதற்குள் நிற்கும் கால் தரையை விட்டுக் கிளம்பிவிடும்.