பத்தாயிரம் அடி கேட்டது யார்?

மூன்று வாரங்களுக்கு முன் ஒரு திங்கட்கிழமை. கதவைத் திறந்ததும் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தவருக்கு இரண்டு குதிகாலிலும் கொப்புளம். ஒன்று உடைந்து நீர் வடிந்துகொண்டிருந்தது.

“வலிக்கவில்லையா ஐயா?”

“ஒன்றும் தெரியவில்லை சிஸ்டர். காலுறை ஈரமாக இருந்ததைப் பார்த்துத்தான் கவனித்தேன்.”

நீரிழிவு வந்து பதினைந்து ஆண்டுகள். பாதத்தில் உணர்வு குறைந்துவிட்டது. அந்தக் காலோடு, மகள் கல்யாணத்துக்கு வாங்கிய தோல் காலணியை மாட்டிக்கொண்டு, ஞாயிறன்று இங்கே சிங்கப்பூரில் புக்கிட் தீமா பக்கம் பழைய ரயில் தடத்தில் 26,000 காலடி நடந்திருக்கிறார். மற்ற ஆறு நாளும் ஈரச்சந்தைக்கே வாடகைக் கார். கேட்டால், “பத்தாயிரம் காலடி வராத நாளில் நடந்து என்ன பயன்? அதனால்தான் ஞாயிறு மொத்தமாக” என்கிறார். நீரிழிவுக்காரர்களின் பாதங்களைப் பார்ப்பதே என் வேலை. இதே பதிலை எத்தனை பேர் சொல்லிவிட்டார்கள் என்று எண்ணுவதை நான் நிறுத்திவிட்டேன்.

நாளுக்குப் பத்தாயிரம் காலடி என்ற அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? 1965இல் ஜப்பானிய நிறுவனம் ஒன்று இடுப்பில் மாட்டிக் காலடிகளை எண்ணும் அடிமானியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெயர் ‘மான்போ-கெய்’, அதாவது பத்தாயிரம் அடி மானி. கடையில் விலைபோவதற்காக வைத்த பெயர் அது. மருத்துவர் யாரும் நாடி பிடித்துச் சொன்ன கணக்கு அன்று. 2019இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், சராசரி வயது 72 உள்ள ஏறத்தாழ 17,000 பெண்களைக் கவனித்தார்கள். நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு குறைவு. 7,500 அடிக்கு மேல் அந்த வேறுபாடு பெரிதாகக் கூடவில்லை. ஆகவே 3,000 அடி நடந்த நாள் வீணான நாள் இல்லை. 4,000 அடி நடந்த நாளும் வீணில்லை. ஒன்றும் நடக்காமல் சோபாவில் கிடந்த நாள்தான் வீண். (உட்கார்ந்தபடியே கைக்கடிகாரத்தை ஆட்டி அடி ஏற்றுகிறவர்களும் வருகிறார்கள். அவர்களுக்கும் இரத்தச் சோதனை உண்டு; அதை ஆட்ட முடியாது.)

உலகச் சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் வேகம். நம்மவர்களுக்கு நான் சொல்வது இன்னும் எளிது: இரவுச் சாப்பாடு முடிந்ததும் அடுக்குமாடி புளோக்கைச் சுற்றிப் பதினைந்து நிமிடம். சோறும் பரோட்டாவும் ஏற்றும் சர்க்கரையை அப்போதே இறக்கப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம். மழையென்றால் கூரை போட்ட நடைபாதை இருக்கிறது.

பணக் கணக்கிலும் ஒரு தவறு நடக்கிறது. எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு நடந்தால் பஸ் காசு மிச்சம் என்பார்கள். 2010 முதல் பஸ், ரயில் இரண்டுக்கும் சேர்த்து மொத்தத் தொலைவுக்குத்தான் கட்டணம் கணக்காகிறது. இரண்டு நிறுத்தம் நடந்தால் மிஞ்சுவது சில்லறைதான். நடக்கக்கூடிய தூரத்துக்கு ஏறும் வாடகைக் காரை விடுங்கள், அங்கே வெள்ளிக் கணக்கில் பணம் மிஞ்சும். சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் செயலியில் சேரும் புள்ளிகளைப் பற்றுச்சீட்டாக மாற்றலாம், சரி. ஆனால் ஆறாத புண்ணுக்கு வாரம் இருமுறை கட்டு மாற்றி, அதற்காக அரைநாள் வேலையும் போனால் என்ன ஆகும் என்று யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை.

உணர்வு குறைந்த பாதமா? வெறுங்காலோடு பூங்காவின் கூழாங்கல் பாதையில் ஏறாதீர்கள். இரத்த ஓட்டத்துக்கு நல்லது என்று யார் சொன்னாலும் ஏறாதீர்கள். காலணியைப் போடுமுன் உள்ளே கைவிட்டுப் பாருங்கள். வந்ததும் உள்ளங்காலைக் கண்ணாடியில் பாருங்கள். முடியாவிட்டால் வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். இன்சுலின் போடுகிறவர்கள், சர்க்கரை திடீரென இறங்கினால் வாயில் போட, சட்டைப்பையில் இரண்டு மிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சு இறுகினால் உடனே நில்லுங்கள், உதவிக்கு அழையுங்கள். தயவுசெய்து “கொஞ்சம் நடந்தால் சரியாகிவிடும்” என்று தொடராதீர்கள்.

அந்த ஐயா இப்போதும் கட்டு மாற்ற வருகிறார், வாடகைக் காரில். எப்போது நடக்கலாம் என்று நேற்றுக் கேட்டார். புண் மூடட்டும், நல்ல காலணி வாங்குங்கள், பிறகு பத்து நிமிடத்தில் தொடங்கலாம் என்றேன். கைப்பேசியை எடுத்து அடி எண்ணிக்கையைக் காட்டப் போனார். அதைப் பைக்குள் வைக்கச் சொல்லிவிட்டுக் கட்டைப் பிரித்தேன்.