லைட் போவது நின்ற பிறகும் எதற்குப் புதுக் கம்பி?

"லைட் போறதுதான் நின்னுபோச்சே, அப்புறம் எதுக்குப்பா ஊரெல்லாம் புதுசா கம்பி இழுக்கப் போறாங்களாம்?" தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த்திலிருக்கும் பெரியம்மா போன ஞாயிற்றுக்கிழமை கேட்டார். அவர் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் லோட் ஷெடிங், அதாவது முறைபோட்டு மின்சாரம் நிறுத்துவதற்கான அட்டவணை இன்னும் ஒட்டியே இருக்கிறது, ஓரமெல்லாம் மஞ்சளாகி. கிழிக்க மனசு வரவில்லையாம். திரும்ப வந்தால்?

நியாயமான கேள்விதான். ஆனால் இங்கே இரண்டு வேறு பிரச்சினைகள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. லோட் ஷெடிங் வந்தது உற்பத்தி போதாததால். ஒரு ஸ்டேஜ் என்றால் 1,000 மெகாவாட் வெட்டு. ஸ்டேஜ் 6 என்றால் 6,000 மெகாவாட் அளவுக்கு ஊர் ஊராக முறைபோட்டு அணைத்தார்கள். அணைக்காமல் விட்டிருந்தால் மொத்த நாடும் ஒரே நேரத்தில் இருண்டிருக்கும். 2024 மார்ச் 26-க்குப் பிறகு பத்து மாதம் அந்தத் தொல்லை இல்லை. 2025-இல் சில நாட்கள் தலைகாட்டியது. இப்போதைய சிக்கல் மின்சாரத்தைக் கொண்டுபோகும் கம்பி.

தென்னாப்பிரிக்காவின் பெரிய நிலக்கரி மின்நிலையங்களில் பெரும்பாலானவை ம்புமலாங்கா மாகாணத்தில் இருக்கின்றன. அதனால் தடித்த மின்தடங்கள் எல்லாம் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. புதிய சோலார், காற்றாலைகளுக்கு வேண்டிய வெயில் கொளுத்துவதோ வடக்கு கேப் மாகாணத்தில்; காற்று வீசுவது கிழக்கு, மேற்கு கேப் பகுதிகளில். வடக்கு கேப்பில் ஆள் குறைவு, ஆகவே கம்பியும் குறைவு.

1860-லிருந்து நம்மவர்கள் நேட்டாலில் வெட்டிய கரும்பை வைத்துப் பார்த்தால் விளங்கும். வெட்டிய கரும்பு கட்டாந்தரையில் கிடந்தால் நாளுக்கு நாள் இனிப்பு இறங்கும்; ஆலைக்குப் போக வழி இல்லாத தோட்டத்தில் எவ்வளவு விளைந்தும் காசாகாது. மின்சாரம் கரும்பைவிட அவசரக்காரன். பேட்டரி இல்லையென்றால் உண்டான நொடியிலேயே எங்காவது செலவாக வேண்டும்.

இது வெறும் உவமையில்லை. 2022-இல் காற்றாலை, சோலார் மின்சாரம் வாங்க அரசு ஆறாவது சுற்று ஏலம் விட்டது. காற்றாலைக்கு மட்டும் 3,200 மெகாவாட் கேட்டார்கள். தேறியது பூஜ்யம். கேப் பகுதிகளில் மிச்சமிருந்த இணைப்பு இடத்தைத் தனியார் திட்டங்கள் முன்பே பிடித்துவிட்டிருந்தன. காற்று இருந்தது, முதலீட்டாளர்கள் இருந்தார்கள், செருகத்தான் பிளக் பாயின்ட் இல்லை.

அதன் பிறகுதான் வேலை சூடுபிடித்தது. அரசு மின் நிறுவனமான எஸ்காமிலிருந்து மின்கடத்தலைப் பிரித்து, தேசிய மின்கடத்தல் நிறுவனம் 2024 ஜூலை 1 முதல் தனியாக இயங்குகிறது. எஸ்காமே முதலாளி என்றாலும் கணக்கு வேறு. மின்சார ஒழுங்குமுறைத் திருத்தச் சட்டம் 2025 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்தது. பலரும் மின்சாரம் விற்கும் சந்தைக்கு அது வழி திறக்கிறது. 2034 வரையிலான திட்டத்தில் ஏறத்தாழ 14,500 கிலோமீட்டர் புதிய மின்தடம், கூடவே 200-க்கு மேற்பட்ட ட்ரான்ஸ்ஃபார்மர்கள். செலவு 400 பில்லியன் ராண்டைத் தாண்டும்.

எஸ்காமிடம் அவ்வளவு பணம் ஏது? அதனால் ஒரு பகுதியைத் தனியாரிடம் விடுகிறார்கள். அவர்கள் முதல் போட்டு, கட்டி, குறிப்பிட்ட காலம் பராமரித்துவிட்டு அரசு நிறுவனத்திடம் ஒப்படைக்க வேண்டும். "கம்பியை எல்லாம் வித்துட்டாங்க" என்று பேசுபவர்களுக்கு: விற்கவில்லை, தவணையில் வாங்குகிறார்கள். அந்தத் தவணை நம் கட்டணத்தில்தான் வந்து விடியும். கட்டணத்துக்கு ஒப்புதல் தருவது எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பான நெர்சா. 2025 ஏப்ரலில் எஸ்காமின் நேரடி வாடிக்கையாளர்களுக்கு 12.74 சதவீதம் ஏறியது. டர்பனில் பெரும்பாலானோர் எத்தெக்வினி மாநகராட்சியிடம் வாங்குகிறோம், நமக்கு ஏற்றம் ஆண்டுதோறும் ஜூலை 1-இல் வரும். புதுக் கம்பி வந்ததும் யூனிட் விலை இறங்கும் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

கூரையில் சோலார் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டு அளவுக்கு உரிமம் தேவையில்லை. ஆனால் கிரிட்டோடு, அதாவது பொது மின்வலையோடு இணைத்தால் மாநகராட்சியிடமோ எஸ்காமிடமோ பதிவு செய்தாக வேண்டும். பேட்டரி இல்லாத கிரிட்-டைட் இன்வெர்ட்டர், தெருவில் கரண்ட் போனதும் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்பவர் உயிருக்காகத்தான் அந்த ஏற்பாடு.

நிலம் வைத்திருப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். மின்தடம் உங்கள் நிலத்தைக் கடந்தால் நிலம் உங்கள் பெயரிலேயே இருக்கும். கம்பி போகும் பட்டைக்கு மட்டும் செர்விட்யூட் என்ற வழியுரிமை கேட்பார்கள். 400 கிலோவோல்ட் தடத்துக்குச் சுமார் 55 மீட்டர் அகலம். அதற்கு இழப்பீடு உண்டு, பேரம் பேசவும் உரிமை உண்டு. உடன்பாடு வராவிட்டால் சட்டப்படி கையகப்படுத்தவும் வழி இருக்கிறது, அப்போதும் இழப்பீடு தந்தாக வேண்டும். வழியுரிமை பத்திரத்தில் பதிவாகிவிடும். பிறகு அந்த நிலத்தை யார் வாங்கினாலும் கூடவே போகும். ஆகவே பண்ணை நிலம் வாங்குமுன் பத்திரத்தில் அந்தப் பக்கத்தைத் தேடிப் படியுங்கள். பட்டைக்குள் வீடு கட்டக்கூடாது, உயரமான மரம் வைக்கக்கூடாது.

கரும்பும் அங்கே ஆபத்துதான். வெட்டுக்கு முன் சோகைக்குத் தீ வைக்கும்போது சூடான புகை மேலே எழும்பும். கம்பிக்கும் தரைக்கும் நடுவே காற்று கொடுக்கும் காப்பு அதில் தளர்ந்து, மின்சாரம் பாய்ந்து, தடம் டிரிப் ஆகிவிடும். குவாசுலு-நேட்டாலில் இது பழைய தலைவலி. பெரியம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார்: "அந்தக் காலத்துல கரும்புத் தீயப் பார்க்க நாங்க ஓடுவோம். மேல கம்பி எங்க இருந்துச்சு?"