இரவில் சைக்கிளுக்கு என்ன லைற் வேண்டும்?

பொழுதுபட்ட பிறகு சைக்கிளில் வீதிக்கு இறங்கினால் முன்னால் வெள்ளை அல்லது மஞ்சள் லைற் எரிய வேண்டும். பின்னால் சிவப்பு லைற்றோ, வெளிச்சம் பட்டால் மின்னும் சிவப்பு ரிப்ளெக்டரோ இருக்க வேண்டும். 1949 ஆம் ஆண்டின் ஜெனீவா வீதிப் போக்குவரத்து உடன்படிக்கை, 26 ஆவது உறுப்புரையில் இதைச் சொல்கிறது. இலங்கை அதில் 1957 இல் இணைந்தது. இருட்டில் லைற் இல்லாமல் ஓடினால் பொலிஸார் மறித்து வழக்குப் போடலாம். பிரதேச சபைக்குக் கட்டும் சைக்கிள் வரி வேறு விஷயம். வரி கட்டியவருக்கும் லைற் வேண்டும்.

அதே உறுப்புரையில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. இரவில் மட்டுமல்ல, மழையோ பனியோ பார்வையை மறைத்தால் பகலிலும் லைற் எரிய வேண்டும். எங்கள் யாழ்ப்பாணத்துக்கு இது நன்றாகவே பொருந்தும். கார்த்திகையில் சூரியன் மறைவதே ஆறு மணிக்கு முன்னர். மழை பிடித்துக்கொண்டால் நாலரைக்கே இருண்டுவிடும். ரியூசன் முடிந்த பிள்ளைகள் கூட்டமாகப் பலாலி வீதியில் இறங்குவதும் அந்த நேரத்தில்தான். மார்கழியில் திருவெம்பாவைக்கு விடியப்புறம் கோயிலுக்குப் போகிறவர்கள், தைப்பனிக்குள் மரக்கறி ஏற்றிக்கொண்டு மருதனார்மடம் சந்தைக்குப் போகிறவர்கள், இவர்களுக்கும் இதே விதிதான்.

நிறத்தை மாற்றிப் பூட்டாதீர்கள். வெள்ளையைக் கண்டால் எதிரே ஏதோ வருகிறது, சிவப்பைக் கண்டால் முன்னே ஏதோ போகிறது என்றுதான் சாரதி கணக்குப் போடுகிறார். அழகுக்காக ஹாண்டிலில் சிவப்பு லைற் பூட்டியிருந்தால், எதிரே வரும் பஸ் சாரதி நீங்கள் அவருக்கு முன்னே அதே திசையில் போவதாக நினைத்துவிடுவார்.

ரிப்ளெக்டர் தானாக எரியாது. பின்னால் வரும் வாகனத்தின் வெளிச்சம் அதில் பட்டு, அந்தச் சாரதியின் கண்ணுக்கே திரும்பிப் போக வேண்டும். சேறு படிந்திருந்தால் போகாது. கரியரில் கட்டிய உரப்பையோ கீரைக்கட்டோ தொங்கி மறைத்தாலும் போகாது. சாமான் ஏற்றுகிறவர்கள் ரிப்ளெக்டரைக் கரியருக்குக் கீழே, பின் மட்காட்டின் நுனியில் பூட்டுவது நல்லது. பின்னால் வருவது லைற் இல்லாத இன்னொரு சைக்கிளோ மாட்டுவண்டியோ என்றால் ரிப்ளெக்டரால் ஒரு பயனும் இல்லை. அதனால், விதி ரிப்ளெக்டரே போதும் என்றாலும், எரியும் சிவப்பு லைற் ஒன்றையும் சேர்த்துப் பூட்டுங்கள் என்றுதான் நான் சொல்வேன். வல்லை வெளியிலும் பண்ணைப் பாலத்திலும் இரவில் ஓடுகிறவர்களுக்கு இதைக் கெஞ்சியே சொல்வேன்.

டைனமோ வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தொண்ணூறுகளில், மின்சாரமும் பற்றரியும் இல்லாத காலத்தில், சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட ஊர் இது. அது எப்படி வேலை செய்யும் என்று விளக்கத் தேவையில்லை. சில்லு நின்றால் வெளிச்சமும் நின்றுவிடும். வலப்பக்கம் திரும்புவதற்காக நடுவீதியில் காத்து நிற்கும்போது, ஆபத்து கூடிய அந்த இடத்தில், நீங்கள் முழு இருட்டில் நிற்கிறீர்கள். டைனமோ உள்ள சைக்கிளில் பின் ரிப்ளெக்டர் துப்புரவாக இருந்தே ஆக வேண்டும்.

சரி, லைற் இல்லாத சைக்கிள் ஒரு பக்கம். இப்போது அதற்கு நேர்மாறான தொல்லையும் வந்திருக்கிறது. சார்ஜ் பண்ணும் எல்ஈடி லைற்றுகள் கடுமையான வெளிச்சம் தருகின்றன. அதை நேராக நிமிர்த்திப் பூட்டினால் எதிரே வருகிறவருக்குச் சில கணங்கள் ஒன்றுமே தெரியாது. கண் கூசிய மோட்டார் சைக்கிள்காரர் உங்கள் மீதே மோதலாம். மதகுக்குள் போய் விழவும் கூடும். வயதானவர்களின் கண்ணுக்குப் பார்வை திரும்ப இன்னும் நேரமெடுக்கும்.

லைற்றைச் சரியாகச் சாய்க்க ஒரு மதில் போதும். மதிலில் இருந்து ஐந்து மீற்றர் தள்ளிச் சைக்கிளை நேராக நிறுத்துங்கள். லைற் நிலத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, மதிலில் விழும் வெளிச்சத்தின் நடுப்பகுதி அதில் பாதி உயரத்தில் இருக்க வேண்டும். அப்படியென்றால் வீதியில் அது பத்து மீற்றர் முன்னால் நிலத்தில் விழும். குழி உங்களுக்குத் தெரியும், எதிரே வருகிறவருக்கும் கண் கூசாது. பூட்டிய பட்டி இளகினால் லைற் தானாக நிமிர்ந்துவிடும்; இடைக்கிடை இறுக்கிப் பாருங்கள்.

விட்டுவிட்டு மின்னும் முறையை முன் லைற்றில் போடாதீர்கள். சைக்கிள் எவ்வளவு தூரத்தில், என்ன வேகத்தில் வருகிறது என்று அதை வைத்துக் கணக்கிடுவது கடினம். இருண்ட ஒழுங்கையில் உங்களுக்கே வீதி சரியாகத் தெரியாது. ஜெர்மனியில் சைக்கிளின் முன் லைற்றோ பின் லைற்றோ மின்னவே கூடாது என்று சட்டம் இருக்கிறது. கையில் ரோச்சையோ போனையோ பிடித்தபடி ஓடுவதும் வேண்டாம். பிறேக் பிடிக்க ஒரு கைதான் மிஞ்சும்.

ஒழுங்கைக்குள் யாராவது நடந்து வந்தால் லைற்றின் மேல் ஒரு கணம் உள்ளங்கையை வைத்து மறைத்து, மெதுவாகக் கடந்து போங்கள். படலையில் நின்று கதைக்கும்போது முன் லைற்றை அணைத்துவிடலாம். வீதியோரத்தில் நின்று கதைப்பதென்றால் பின் சிவப்பு லைற்றை மட்டும் அணைக்க வேண்டாம்.