கண்ணுக்கு ஆகும் நீலம், உதட்டுக்கு ஆகுமா?

ஐ ஷேடோ அட்டையில் சிஐ 77007 (சிஐ என்பது நிறமிகளுக்கான சர்வதேசப் பட்டியல் எண்) என்று இருந்தால் அது அல்ட்ராமரீன் நீலம். கயோலின் களிமண், சலவைச் சோடா, கந்தகம், கரி எல்லாவற்றையும் கலந்து 800 டிகிரி செல்சியஸ் வாக்கில் சூளையில் சுட்டு எடுப்பது. தண்ணீரிலும் கரையாது, எண்ணெயிலும் கரையாது. அதனால்தான் தோலுக்குள் இறங்காமல் மேலேயே நிற்கிறது. ‘கெமிக்கல்’ என்று பயந்து ஒதுக்க வேண்டிய பொருள் இல்லை.

பயப்பட வேண்டியது தரத்தைப் பற்றி. இதே நீலம்தான் பெயின்ட்டுக்கும் பிளாஸ்டிக்குக்கும் வெள்ளைத் துணிக்குப் போடும் நீலப்பொடிக்கும் போகிறது. அழகுசாதனத்துக்கு என்றால் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ ஈயத்துக்கு 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு), ஆர்செனிக்குக்கு 3, பாதரசத்துக்கு 1 என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. துணி நீலத்தை அந்தக் கணக்கில் யாரும் சோதித்து விற்பதில்லை. வீட்டில் சோப்பு செய்பவர்கள் தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். காஸ்மெடிக் கிரேடு வாங்குங்கள். பேட்ச் எண்ணோடு சிஓஏ (ஆய்வகச் சோதனைச் சான்றிதழ்) கேளுங்கள். தர மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம்.

அதே எஃப்டிஏ விதி கண்ணைச் சுற்றிப் பூச அனுமதிக்கிறது, உதட்டுக்கு அனுமதிக்கவில்லை. ஐரோப்பாவில் உதட்டுக்கும் தடை இல்லை. எங்கள் பரிந்துரை: உதட்டில் பூசியது சாப்பாட்டோடு உள்ளே போகும், ஆகவே ஐ ஷேடோவைக் குழைத்து லிப்ஸ்டிக் ஆக்க வேண்டாம்.

இந்த நீலத்துக்கு ஆகாதது அமிலம். ஒரு சிட்டிகையைக் கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு, ஜன்னலோரம் வைத்து, நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் அழுகிய முட்டை வாடை வரும், நீலம் வெளிறும். அந்த வாடை ஹைட்ரஜன் சல்பைடு. இந்த நீலத்தோடு சிட்ரிக் அமிலமும் போட்ட பாத் பாம் (குளியல் நீரில் கரைக்கும் உருண்டை) ஈரம் பட்டதும் நாறுவது இதனால்தான். வைட்டமின் சி சீரம் போன்ற புளிப்பான கலவைகளிலும் இதைச் சேர்க்கக் கூடாது. சிலிக்கா பூசிய ரகங்கள் ஓரளவு தாங்கும்.

சோப்பின் காரத்தில் அல்ட்ராமரீன் அப்படியே நிற்கும். 1 கிலோ எண்ணெய்க்கு 5 கிராம் போதும். முதலில் ஒரு ஸ்பூன் எண்ணெயில் கட்டியில்லாமல் குழைத்து ஊற்றுங்கள். அளவு மீறினால் நுரையே நீலமாகித் துண்டில் கறை பிடிக்கும். எடை போடும்போது ஃபேனை நிறுத்திவிட்டு மாஸ்க் போடுங்கள், தூசி மிக நைசு.

சிஐ 77510 வேறு: அது பிரஷ்யன் நீலம், வேதிப்பெயர் ஃபெரிக் ஃபெர்ரோசயனைடு. பெயரில் சயனைடு வந்தாலும் அது இரும்போடு இறுகக் கட்டுண்டது. தாலியம் விஷத்துக்கு மருந்தாகவே கொடுக்கிறார்கள். ஆனால் சோப்பில் போட்டால் காரம் அதை உடைத்துப் பழுப்பாக்கிவிடும்.