மானிட்டர்: காது பார்க்கும் வேலைக்குக் கங்காணி எதற்கு?

மலேசியாவின் சுங்கை சிப்பூட்டில் என் வீடியோ எடிட்டிங் கடைக்கு வேலை பழக வந்த தம்பி, மேசையின் இரண்டு பக்கமும் நிற்கும் ஸ்பீக்கர்களைக் காட்டி, "அண்ணே, இதுதான் கண்காணிப்பு ஒலிபெருக்கியா? உள்ள கேமரா இருக்கா?" என்று கேட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது. அவன் படித்த வீடியோ எடிட்டிங் பயிற்சிக் கையேட்டில் ஒலியைக் கேட்டுச் சரிசெய்ய வைக்கும் ஸ்டூடியோ மானிட்டருக்கு அப்படித்தான் தமிழ் போட்டிருந்தார்கள். இந்தச் சொல்லை நான் பார்ப்பது இது முதல் முறை இல்லை. போதும் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

மூலம் லத்தீன். 'மொனேரே' என்றால் எச்சரிப்பது, நினைவூட்டுவது. அதைச் செய்கிறவர் 'மானிட்டர்'. பள்ளிக்கூடத்தில் பெயர் எழுதிக் கொடுக்கும் சட்டாம்பிள்ளை மானிட்டர் ஆனது இப்படித்தான். பிறகு வானொலிக்காரர்கள் ஒலிபரப்பு சரியாகப் போகிறதா என்று கேட்டுப் பார்ப்பதற்கு இதை எடுத்துக்கொண்டார்கள். கணினித் திரைக்கும் அந்தப் பெயர் வந்தது. வரலாறு இவ்வளவு போதும்.

இனி கண்காணிப்புக்கு வருவோம். மற்ற ஊர்க்காரர்களுக்கு அது வெறும் அகராதிச் சொல். தோட்டத்து ஊரில் பிறந்தவனுக்கு அப்படி இல்லை. கண்காணி என்ற சொல்தான் தேய்ந்து கங்காணி ஆனது. தமிழ்நாட்டிலிருந்து ஆள் திரட்டி வந்தவரும் அவர்தான், விடிவதற்கு முன் பெரட்டில், அதாவது ஆட்களை வரிசையில் நிறுத்தி, தலை எண்ணியவரும் அவர்தான். 1938இல் இந்திய அரசு மலாயாவுக்குக் கூலியாட்களை அனுப்புவதை நிறுத்தியது. அதன் பிறகும் பால்மரக் காட்டில் (ரப்பர் தோட்டத்தில்) கங்காணியின் குரல் ஓயவில்லை. கங்காணி வேலை என்றால் இன்னொருவர் ஒழுங்காக வேலை செய்கிறாரா என்று மேலே நின்று பார்ப்பது. மானிட்டர் ஸ்பீக்கர் யாரை மேய்க்கிறது? யாரையும் இல்லை. நான் செய்த வேலையை நானே கேட்டுச் சரிசெய்து கொள்ள அது உண்மையைச் சொல்கிறது, அவ்வளவுதான்.

கண்காணிப்புக்குப் பொருத்தமான இடமும் உண்டு. 1939இல் பிபிசி தொடங்கிய மானிட்டரிங் பிரிவு அயல்நாட்டு வானொலிகளைக் கேட்டுக் குறிப்பெடுத்தது. அதைக் கண்காணிப்பு என்றால் சரி. ஒலியளவு மீட்டரைப் பார்ப்பதற்கும் பொருந்தும். ஐரோப்பிய ஒலிபரப்புச் சங்கத்தின் 2010ஆம் ஆண்டு ஆர்128 பரிந்துரைப்படி நிகழ்ச்சியின் சராசரி ஒலி மைனஸ் 23 எல்யூஎஃப்எஸ் (ஒலியின் உரப்பை அளக்கும் அலகு) அளவில் நிற்க வேண்டும். முள் எங்கே நிற்கிறது என்று கண்ணால் பார்க்கிறோம், அது கண்காணிப்புதான். ஆனால் மீட்டர் மைனஸ் 23 காட்டும்போதே மணமகள் அப்பாவின் பேச்சு மேளத்துக்குள் முங்கிப் போயிருக்கலாம். அதை எந்த முள்ளும் சொல்லாது. அங்கேதான் காது வேண்டும்.

'ஒலிபெருக்கி'யும் எனக்கு உறுத்துகிறது. எங்கள் ஊரில் அந்தச் சொல்லைக் கேட்டால் திருவிழாவில் மரத்தில் கட்டும் கூம்புதான் நினைவுக்கு வரும். மானிட்டரின் வேலை பெருக்குவது இல்லை, கூட்டாமல் குறைக்காமல் கொடுப்பது. வீட்டு ஸ்பீக்கர் நம்மை மகிழ்விக்க அடித்தொனியை ஏற்றித் தரும். முன்பு அப்படி ஒரு ஸ்பீக்கரை நம்பி ஒரு கோயில் ஊர்வல வீடியோவை முடித்தேன். உருமி மேளம் அறையையே உலுக்கியது, அதிகம் என்று நினைத்து அடித்தொனியைக் குறைத்தேன். மறுநாள் வாடிக்கையாளர் வீட்டு டிவியில் போட்டால் உருமியின் அந்த முனகல் போய், யாரோ பால் வாளியைத் தட்டுவது போல இருந்தது. பொய் சொன்னது ஸ்பீக்கர், பேச்சு வாங்கியது நான்.

யமாஹா என்எஸ்-10 என்ற ஸ்பீக்கர் இதற்கு நேர் எதிர். 1978இல் வீட்டு ஸ்பீக்கராக வந்து, வீட்டுக்காரர்களுக்குப் பிடிக்காமல் போனது. ஒலிப்பதிவாளர்கள் அதையே தூக்கிவந்து ஒலி கலக்கும் மிக்சர் மேசை மேல் வைத்தார்கள், குறையை மறைக்காது என்பதற்காக. நல்ல பெட்டி இருந்தாலும் சத்தமாக வைத்துக் கேட்டால் காது ஏமாறும். குறைந்த சத்தத்தில் நம் காதுக்கு அடித்தொனி சரியாக எட்டாது என்று ஃபிளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1933இலேயே அளந்து காட்டினார்கள். திரையரங்குக்கான ஒலிக் கலவைக்கு 85 டெசிபல் என்று ஓர் அளவு வைத்திருப்பதும் இதற்காகத்தான், என் கடை போன்ற சிறிய அறைக்கு அதைவிடக் குறைவாக வைக்க வேண்டும். அளவைக் குறித்துக்கொண்டு ஒலிக் குமிழைத் தொடாமல் இருப்பதும் இந்த வேலையில் சேர்த்தி.

அப்படியானால் தமிழில் என்ன சொல்வது? 'செவியாய்வு' என்று ஒரு நண்பர் சொன்னார். அது மருத்துவமனையில் காதுக்குச் செய்யும் சோதனை போல இருக்கிறது. எனக்குப் பிடித்தது 'சரிகேட்பு'. எழுத்தைக் கண்ணால் ஒத்துப் பார்ப்பது சரிபார்ப்பு என்றால், ஒலியைக் காதால் ஒத்துப் பார்ப்பது சரிகேட்பு. செய்கிறபோது சரிகேட்டல், கருவி சரிகேட்புப் பெட்டி. ஸ்பீக்கரைப் 'பெட்டி' என்று சொல்வது எங்களுக்கு முன்பே பழக்கம்தான். சட்டென்று கேட்டால் அனுமதி கேட்பது போலத் தோன்றும் என்று தம்பி சிரித்தான். தோன்றட்டும், நாலு முறை சொன்னால் பழகிவிடும். அதுவும் பிடிக்கவில்லையென்றால் மானிட்டர் என்றே எழுதுங்கள், தமிழ் ஒன்றும் குறைந்துவிடாது. தப்பான தமிழுக்குச் சரியான கடன்சொல் எவ்வளவோ மேல்.

மொழிபெயர்ப்பவர்கள் அந்தப் பெட்டி முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் இந்தத் தொல்லையே இருக்காது. ஒலிவாங்கி என்று சொன்னவர் மைக் என்ன செய்கிறது என்று பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். இந்தக் கையேடு எழுதியவர் அகராதியில் முதல் பொருளை எடுத்து ஒட்டியிருக்கிறார். அடுத்த பக்கத்தைத் தம்பி வாசித்துக் காட்டினான். பக்கத்தில் வைத்துக் கேட்கும் நியர்ஃபீல்ட் மானிட்டர் 'அருகாமை வயல் கண்காணிப்பான்' ஆகியிருந்தது. கடை வாசலில் நின்று பார்த்தால் எங்களுக்குத் தெரிவது செம்பனை (எண்ணெய்ப்பனை) மட்டும்தான், வயல் எங்கே?