சூனியப் பிரதேசத்துக் காணிக்குள் இறங்க முன்

இலங்கையின் வடக்கே, முகமாலையில் மிதிவெடி அகற்றுகிற வேலை எனக்கு. வீதியால் போகிற சனம் சைக்கிளை நிற்பாட்டிக் கேட்பது ஒரே கேள்விதான்: "சண்டை முடிஞ்சு எத்தினை வருசம், இன்னும் என்ன கிண்டுறியள்?" வேலியோரத்தில் நின்று சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது.

2002 பெப்ரவரியில் கைச்சாத்தான போர்நிறுத்த உடன்படிக்கையில், அரச படை, புலிகள் என்ற இரு தரப்பின் முன்னரங்க நிலைகளுக்கும் இடையில் ஆகக் குறைந்தது 600 மீற்றர் இடைவெளி இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. அதைத்தான் நாங்கள் சூனியப் பிரதேசம் என்றோம். கிளாலியிலிருந்து முகமாலை ஊடாக நாகர்கோவில் வரை கிடந்தது. அந்த ஏப்ரலில் யாழ்ப்பாணம் போகிற ஏ9 பாதை திறந்தபோது அதைக் கடந்தவர்களுக்கு நினைவிருக்கும்: இந்தப் பக்கம் ஒரு சோதனைச்சாவடி, அந்தப் பக்கம் ஒன்று, நடுவில் செஞ்சிலுவைக் குழுவின் கொடி, இரு கரையிலும் தலையில்லாத தென்னையும் பனையும். 2006 ஓகஸ்ட் 11இல் சண்டை மூண்டு அந்தப் பாதை மூடப்பட்டது.

'சூனியம்' என்ற சொல்லைக் கேட்டால் அங்கே ஒன்றும் இல்லை என்றுதான் நினைக்கத் தோன்றும். ஆனால் மிதிவெடியை யாரும் தங்கள் முகாமுக்குள் புதைப்பதில்லை. காவலுக்கு எழுப்பிய மண் அணைக்கு முன்னால், எதிராளி வருகிற பக்கம்தான் புதைப்பார்கள். இரண்டு தரப்பும் அப்படிச் செய்தால் எல்லாம் நடுக்காணியில்தான் சேரும். முன்னரங்க லைன் ஒரு இடத்தில் நிற்கவுமில்லை. 2001 ஏப்ரல், 2006 ஒக்ரோபர், 2008 ஏப்ரல் என்று பெரிய சண்டைகள். அணை நூறு மீற்றர் நகர்ந்தாலும் அதற்கு முன்னால் புதிதாக ஒரு வரிசை விதைப்பார்கள், பழைய வரிசை அப்படியே கிடக்கும். எவரிடமாவது வரைபடம் இருந்தாலும், அதில் குறித்த மரமும் மதிலும் இன்று இல்லை.

உலோகம் தேடும் கருவி இங்கே பல இடங்களில் உதவாது. ஒரு கைப்பிடி மண்ணில் பத்துச் செல் துண்டு இருக்கும், கருவி கத்திக்கொண்டே இருக்கும். அதனால் றேக்கால், அதாவது இரும்புப் பல் வாரியால், வாருகிறோம். இலங்கையிலேயே வளர்த்தெடுத்த முறை அது. நீண்ட பிடியுள்ள பாரமான றேக்கால் மண்ணைத் தளர்த்தி, பாரம் குறைந்த றேக்கால் மெதுவாக இழுக்க வேண்டும். முகக்கவசத்துக்குள் வேர்வை கண்ணில் வடியும், துடைக்க முடியாது. சப்பாத்துப் பொலிஷ் பேணி அளவு பிளாஸ்ரிக் விளிம்பு ஒன்று மண்ணில் தெரிந்ததும் கை தானாக நிற்கும். புலிகள் செய்த ஜொனி மிதிவெடி வேறு விதம். அதன் மரப்பெட்டியைக் கறையான் தின்றுவிட்டிருக்கும். பெட்டி உக்கினால் வெடி செத்துவிட்டது என்று சிலர் நினைக்கிறார்கள். வெடிக்க வைக்கிற கெற்பு உள்ளேதான் இருக்கிறது. பெட்டி இல்லாததால் அது என்னவென்று உங்களுக்கு அடையாளமும் தெரியாது.

சில நாட்களில் றேக்கில் எலும்பு வரும். சீருடைத் துணி, சப்பாத்து, இலக்கத் தகடு. உடனே அந்த இடத்தில் வேலை நிற்கும். பொலிஸுக்கு அறிவித்து, விஷயம் நீதிமன்றத்துக்குப் போகும். அன்று மத்தியானம் எங்கள் அணியில் யாரும் அதிகம் கதைக்க மாட்டோம். அணியில் இருக்கிற பெண்கள் சிலர் தாங்களே காணாமல்போன ஒருவரைத் தேடுகிறவர்கள். இரும்பு பொறுக்கப் போய்ப் பழைய பங்கரைக் கிண்டுகிற தம்பிமாரிடம் நான் கெஞ்சிக் கேட்பது இதனாலும்தான். உயிர் போகும் என்பது ஒன்று. ஒரு தாய்க்குக் கிடைக்க வேண்டிய கடைசிச் சாட்சியையும் மண்வெட்டியால் கலைத்துவிடுகிறீர்கள்.

கொரியாவில் 1953இல் வகுத்த 4 கிலோமீற்றர் அகல வலயம், 248 கிலோமீற்றர் நீளத்துக்கு இன்றும் பெரும்பாலும் ஆளில்லாமல் கிடக்கிறது. மிதிவெடி அதற்குள்ளும் அதையொட்டிய இடங்களிலும் கிடக்கிறது. எங்களுடைய இடம் அப்படியில்லை. சனம் காணி உறுதியோடு திரும்பி வந்துவிட்டது. துப்புரவாக்கிய வளவும் கைவைக்காத வளவும் ஒரே வேலிக்கு அடுத்தடுத்து இருக்கின்றன. கைவைக்காத வளவின் எல்லையில் நாங்கள் நட்ட சிவப்புத் தடியை விறகென்று பிடுங்கினால் அந்த எல்லை உங்கள் பிள்ளைக்குத் தெரியாது.

அதைவிட எனக்குப் பயம் மண் ஏற்றுவதில். அணை மண் நல்ல நிரவல் மண் என்று உழவு இயந்திரத்தில் அள்ளிப் போகிறார்கள். மண்ணோடு மிதிவெடியும் போகும், யாரும் சந்தேகப்படாத ஒரு முற்றத்துக்கு. குப்பை கொளுத்துவதும், துப்புரவாக்கியதாகக் கையளிக்காத காணியில் கிணறு இறைப்பதும் வேண்டாம். ஏதாவது கண்டால் தொடாதீர்கள், கல் எறிந்து பார்க்காதீர்கள். வந்த அடிச்சுவட்டிலேயே திரும்பி வந்து, மற்றவர்களை மறித்து, கிராம அலுவலருக்கோ 119க்கோ சொல்லுங்கள்.

நாங்கள் இப்போது நிற்கும் காணியின் சொந்தக்கார அம்மா கிழமைக்கு ஒருக்கால் வந்து வேலிக்கு வெளியே நின்று பார்ப்பா. "கிணறு தெரியுதோ பிள்ளையள்?" என்பா. போன கிழமை கிணற்றுக்கட்டு தெரிந்துவிட்டது. பின்வளவு இன்னும் இருக்கிறது.