பழைய லேப்டாப்புக்கு எந்த லினக்ஸ்? முதலில் மூடியைக் கழற்றிப் பாருங்கள்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு, அதாவது பாதுகாப்பு அப்டேட், முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 போடலாம் என்றால் இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசஸர்களை மைக்ரோசாஃப்ட் பொதுவாக ஏற்பதில்லை, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். மாற்று வழி, விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகப் போட்டுக்கொள்ளும் இயங்குதளமான லினக்ஸ். அதில் பல வகைகள் உண்டு. அதனால் என்னிடம் சர்வீஸுக்கு வருபவர்கள் கேட்கும் கேள்வி இப்போது மாறியிருக்கிறது: “இருக்கறதிலேயே லைட்டான லினக்ஸ் எதுண்ணே? அதைப் போட்டுக் குடுங்க.”

எது ரொம்ப லைட் என்று தேடுவதில் பெரிய பலன் இல்லை என்பதுதான் இத்தனை நாள் இந்த வேலை பார்த்ததில் நான் கண்டது. கணினி ஆன் ஆகித் திரை வந்து நின்றதும் ஆண்டிஎக்ஸ் என்ற லினக்ஸ் வகை ஏறக்குறைய 200, 300 எம்பி ராம் எடுக்கும். லுபுண்டு 500-ஐ ஒட்டி. எக்ஸ்எஃப்சிஇ என்ற எளிய டெஸ்க்டாப் திரை உள்ள லினக்ஸ் மின்ட் 700-க்கு மேல். மெஷினுக்கு மெஷின் கொஞ்சம் மாறும். ஆக, வித்தியாசம் அரை ஜிபி அளவுதான். பிரவுசரைத் திறந்து யூடியூப் ஒரு டேப், மெயில் ஒரு டேப் என்று வைத்தாலே அந்த அரை ஜிபி காலி. மெதுவாக இருக்கிறது என்று கொண்டு வருகிற லேப்டாப்பில் பெரும்பாலும் முதல் குற்றவாளி உள்ளே சுழன்றுகொண்டிருக்கும் ஹார்ட் டிஸ்க்தான்.

தமிழக அரசு 2011 முதல் கொடுத்த விலையில்லா லேப்டாப்களையே எடுத்துக்கொள்வோம். அக்கா பிளஸ் டூவில் வாங்கியது, இப்போது தம்பிக்காகப் பரணிலிருந்து இறங்கி வருகிறது. ஆரம்ப வருடங்களில் கொடுத்தவற்றில் 2 ஜிபி ராமும் 320 ஜிபி ஹார்ட் டிஸ்க்கும்தான். (விண்டோஸோடு மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அவற்றில் இருந்தது. அதைத் திறந்து பார்த்த மாணவர்களை நான் அதிகம் சந்தித்ததில்லை.) அந்த ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒரு சாதாரண சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத, வேகமான டிஸ்க்) போட்டு, ராமை 4 ஜிபி ஆக்கினால், மேலே எந்த லினக்ஸ் போட்டாலும் ஓடும். இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் எஸ்எஸ்டிக்குக் கொடுங்கள்.

ராம் வாங்கும்போது மட்டும் கவனம். இந்தக் காலத்து லேப்டாப்களில் வரும் டிடிஆர்3 ராமில் பிசி3, பிசி3எல் என்று இரண்டு வகை உண்டு. எல் வகை குறைந்த மின்னழுத்தத்தில் ஓடுவது. நான்காம் தலைமுறை இன்டெல் லேப்டாப்களுக்கு எல் வகைதான் வேண்டும். சென்னை ரிச்சி தெருவின் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் பழைய ராம் கிடைக்கும். ஆனால் உள்ளே இருப்பதைக் கழற்றி, ஸ்டிக்கரில் உள்ள எழுத்தைக் காட்டி வாங்குங்கள்.

அடுத்து பிராசஸர் 32 பிட்டா, 64 பிட்டா? 32 பிட் பழைய வகை; 64 பிட்டுக்கான லினக்ஸ் அதில் ஓடாது. கோர் 2 டுயோவும் அதற்குப் பின் வந்த ஐ3, ஐ5 எல்லாமும் 64 பிட். பென்டியம் எம், முதல் கோர் டுயோ, நெட்புக்குகளில் வந்த ஆட்டம் என்270 இவை 32 பிட் மட்டும். இந்த 32 பிட் பாதை வேகமாக அடைபட்டு வருகிறது. லுபுண்டு உள்ளிட்ட உபுண்டு குடும்பம் எப்போதோ கைவிட்டது. உபுண்டு, ஆண்டிஎக்ஸ் போன்றவற்றுக்கு அடிப்படையான டெபியனில், 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-க்கு 32 பிட் இன்ஸ்டாலர் கிடையாது. 32 பிட் லினக்ஸுக்கான குரோம் 2016-லேயே நின்றுபோனது, ஃபயர்ஃபாக்ஸும் அதைக் கைவிட்டுவிட்டது. டெபியன் 12 அடிப்படையிலான ஆண்டிஎக்ஸ் 23 இன்னும் ஓடுகிறது. அதைப் போட்டு டைப் அடிக்கலாம், பாட்டுக் கேட்கலாம். பிரவுசர் ஆதரவு இப்படிப் போய்க்கொண்டிருப்பதால் பேங்க் வேலைக்கு அந்த மெஷின் வேண்டாம்.

சரி, 64 பிட், 4 ஜிபி, எஸ்எஸ்டி. என் தேர்வு லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ. விண்டோஸ் பழகியவர்கள் உட்கார்ந்த உடனே வேலை பார்க்க முடிகிறது. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் வரும். இந்த முடிவு வருடத்தை எல்லாரும் பார்க்க வேண்டும், யாரும் பார்ப்பதில்லை. லுபுண்டு 24.04 நல்லதுதான், ஆனால் அதன் ஆதரவு 2027 ஏப்ரல் வரைதான். தவிர உபுண்டு வகைகளில் ஃபயர்ஃபாக்ஸ், தனக்கு வேண்டியதையெல்லாம் உள்ளேயே சுமந்து வரும் ஸ்நாப் பொதியாக வருகிறது. பழைய மெஷினில் அது முதல் தடவை திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம். ராம் 2 ஜிபியோடு நிற்கிறதென்றால் ஆண்டிஎக்ஸ், அல்லது ஃப்ளக்ஸ்பாக்ஸ் என்ற இன்னும் எளிய திரையோடு எம்எக்ஸ் லினக்ஸ். கூடவே இசட்ராம் என்ற வசதியை இயக்கிக்கொண்டால் ராமில் இருப்பதைச் சுருக்கிச் சுருக்கி வைத்துப் பயன்படுத்தும், ஓரளவு தாக்குப்பிடிக்கும்.

இன்ஸ்டால் செய்வதற்கு முன் பென் டிரைவிலிருந்தே லைவ்வாக, அதாவது டிஸ்க்கில் எதையும் நிறுவாமல், ஓட்டிப் பாருங்கள். வைஃபை, சவுண்ட், திரை வெளிச்சம், மூடியை மூடித் திறந்தால் எழுந்திருக்கிறதா, இவ்வளவும் அங்கேயே தெரிந்துவிடும். பிராட்காம் வைஃபை சிப் உள்ளவற்றில் முதலில் நெட் வராமல் போவது சகஜம். போனை யுஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங் போட்டு (போனின் நெட்டைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்து), டிரைவரை இறக்கிக்கொள்ளலாம்.

இதையெல்லாம்விட நான் பயப்படுவது ஒரு இடத்தில். இன்ஸ்டாலரில் “டிஸ்க்கை அழித்து நிறுவு” என்று ஒரு தேர்வு வரும். விண்டோஸ் மறுபடி போடும்போது சி டிரைவ் மட்டும்தானே போகும், அந்தப் பழக்கத்தில் “டி டிரைவ்ல இருக்கற கல்யாண ஃபோட்டோ அப்படியே இருக்கும்ல?” என்று கேட்பார்கள். இருக்காது. அந்தத் தேர்வு மொத்த டிஸ்க்கையும் துடைத்துவிடும். எஸ்எஸ்டி மாற்றுகிறவர்களுக்கு இதிலும் வசதி உண்டு: பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமல் ஒரு யுஎஸ்பி கேஸில் போட்டு வைத்துக்கொண்டால் படங்கள் பத்திரம்.

அப்புறம், எல்லாருக்கும் லினக்ஸ் ஒத்துவராது. கடைக் கணக்குக்குப் பயன்படும் டாலி விண்டோஸுக்கான மென்பொருள். ஜிஎஸ்டி, பிஎஃப் வேலைக்கு டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன் (கையெழுத்துக்கான யுஎஸ்பி கருவி) குத்துகிறவர்கள் அதற்கு லினக்ஸ் டிரைவர் இருக்கிறதா என்று கொடுத்தவரிடமே முதலில் கேட்டுவிட வேண்டும். தமிழ் டைப்பிங்கில் யூனிகோடில் அடிப்பவர்களுக்குப் பிரச்சினை இல்லை: தட்டச்சுக்கான ஐபஸ், எம்17என் பொதிகள் இரண்டையும் போட்டால் தமிழ்99, ஃபொனெடிக் விசைப்பலகைகள் எல்லாம் வந்துவிடும். யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவிலேயே பழைய ஃபைல்களை வைத்திருக்கும் டிடிபி கடைக்காரர்கள், அந்த எழுத்துருவையும் இறக்கி, லினக்ஸில் வேர்டுக்குப் பதிலாக வரும் லிப்ரே ஆபிஸில் திறந்து பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும். திறந்துவிடும்; ஆனால் பக்கங்கள் இடம் மாறி நிற்கலாம். ஒரே கம்ப்யூட்டரில் டாலியும் பில்லிங்கும் ஓட்டும் கடைக்கு லினக்ஸ் போட்டுத் தரச் சொன்னால் நான் போடுவதில்லை. எஸ்எஸ்டி மட்டும் மாற்றிக் கொடுத்து, அந்த மெஷினில் கணக்கைத் தவிர வேறு எதற்கும் நெட் பயன்படுத்தாதீர்கள் என்று சொல்லி அனுப்புகிறேன்.